ஆப்பிள் சிலேட்டு வருகிறதாமே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செர்ரி ரோட்டில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, கல்லூரி புராஜெக்ட், கோயில் நோட்டீஸ் என்று தமிழைத் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. பொங்கல் முடிந்ததிலிருந்து, பத்திரிகை அடிக்க வருகிறவர்கூட மானிட்டரைப் பார்த்துக்கொண்டே "ஆப்பிள்காரன் ஏதோ சிலேட்டு கொண்டுவர்றானாமே?" என்று ஆரம்பிக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். இன்று 2010 ஜனவரி 23, சனிக்கிழமை. ஆப்பிள் வாய் திறக்கப்போவது 27-ம் தேதி புதன்கிழமை.

அப்படி ஒன்று வருவது உறுதிதானா?

சிலேட்டு என்று எல்லோரும் சொல்வது, விரலால் தொட்டு இயக்கும் பலகைபோன்ற கணினியை. ஆங்கிலத்தில் "டேப்லெட்". அந்த வார்த்தையை ஆப்பிள் இன்றுவரை உச்சரிக்கவில்லை. ஜனவரி 18 அன்று பத்திரிகையாளர்களுக்கு ஓர் அழைப்பு அனுப்பியது. எங்கள் புதிய படைப்பைப் பார்க்க வாருங்கள் என்று ஒரு வரி, சுற்றிலும் சாயம் தெளித்தமாதிரி ஒரு படம், நாள், இடம். இடம் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள எர்பா பூயனா கலை மையம். அதிகாரபூர்வமாக நம் கையில் இருப்பது இந்த ஒரு காகிதம்தான்.

மற்றதெல்லாம் காற்றுவாக்கில் வந்த சேதி. திரை பத்து அங்குலம் இருக்கும், பெயர் ஐஸ்லேட், மார்ச்சில் கடைக்கு வரும், விலை ஆயிரம் டாலர்வரை போகும். இவற்றில் எது பலிக்கும், எது பொய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெயரை வைத்துத்தான் நம் ஊரில் எல்லோரும் சிலேட்டு என்கிறார்கள். எனக்கும் அந்தப் பெயர் பிடித்திருக்கிறது, அதையே பயன்படுத்துகிறேன்.

வரும் என்றுதான் நான் நம்புகிறேன். இந்த மாதம் 6-ம் தேதி லாஸ் வேகாஸ் கண்காட்சியில் மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர், எச்பி நிறுவனத்தின் ஒரு சிலேட்டை மேடையில் தூக்கிக் காட்டினார். ஆப்பிளுக்கு முன்னால் முந்திக்கொள்ளும் அவசரமாகத்தான் அது எனக்குப் பட்டது.

பத்து அங்குலம் என்றால் எவ்வளவு பெரிது?

திரையின் அளவை மூலைக்கு மூலை அளப்பார்கள். அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: டெமி. நாம் வாங்கும் தமிழ் நாவல், கட்டுரைப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெமி அளவுதான், ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். அதை மூலைக்கு மூலை அளந்து பாருங்கள், பத்து அங்குலத்துக்கு நூல் அளவு கூடுதலாக வரும்.

அதாவது ஒரு தமிழ்ப் புத்தகத்தின் பக்கம் சுருங்காமல், அப்படியே அந்தத் திரையில் உட்காரும். ஐபோன் திரை மூன்றரை அங்குலம், அதில் ஒரு பக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். மேசைக் கணினியில் பக்கம் முழுதாகத் தெரியும், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும், கட்டிலில் சாய்ந்து படிக்க முடியாது. இந்த அளவு விஷயம்தான் என்னை இரண்டு வாரமாகத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. பத்திரிகை அட்டைப்பெட்டி ஒன்றை அந்த அளவுக்கு வெட்டி, நடுவில் ஒரு நாவலின் பக்கத்தை ஒட்டி, கையில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கையில் பிடிக்கக் கொஞ்சம் அகலம். மடியில் வைத்தால் கச்சிதம்.

தொடுதிரைக் கணினி முன்பே வந்து போனதுதானே? இது மட்டும் எப்படி நிற்கும்?

நியாயமான கேள்வி. ஆப்பிளே 1993-ல் நியூட்டன் என்று ஒன்றைக் கொண்டுவந்து, 1998-ல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் 2002-ல் விண்டோஸ் எக்ஸ்பியில் டேப்லெட்டுக்கென்றே தனிப் பதிப்பு வெளியிட்டது. நம் நாட்டிலேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர் செய்தார்கள். படிக்கத் தெரியாத கிராமத்துக்காரருக்கும் உதவ வேண்டும், இந்திய மொழிகளில் வாசித்துக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்த கையடக்கக் கணினி அது. 2004-ல் விற்பனைக்கும் வந்தது, ஆனால் ஊர் ஊராகப் பரவவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். எண்ணம் சரியானது, காலம்தான் கைகொடுக்கவில்லை.

அந்த விண்டோஸ் டேப்லெட் ஒன்றை ஒரே ஒரு முறை நான் கையில் எடுத்திருக்கிறேன். நில அளவைக்குப் போகும் ஒருவர் பிரிண்ட் எடுக்கக் கொண்டுவந்திருந்தார். மடிக்கணினியின் திரையைத் திருகி மேலே கவிழ்த்த மாதிரி இருந்தது. கனம், சூடு, உள்ளே விசிறி ஓடும் சத்தம். கூடவே ஒரு பேனா. மூடும் பட்டன் கடுகளவு, அதைப் பேனா முனையால் குறிபார்த்துத் தொட வேண்டும். மவுசுக்காகச் செய்த விண்டோஸை அப்படியே பேனாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐபோனில் பட்டன்கள் எல்லாம் விரல் நுனி அளவுக்கு இருப்பதைப் பார்த்தபிறகுதான், அது ஏன் ஓடவில்லை என்பது புரிந்தது.

விரலால் தொட்டால் போதுமா? ஈரக்கையோடு தொடலாமா?

இதைக் கேட்டவர் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவர். செக்ரோல் நோட்டு, அதாவது வேலையாட்களின் கணக்கு எழுதும் நோட்டு, அச்சடிக்க வந்திருந்தார். ஜனவரியில் அங்கே பழம் பறிப்பு. யார் எத்தனை கிலோ என்று நிறுத்து எழுத வேண்டும். பனி இறங்கினால் காகிதம் நமுத்து, பேனா வழுக்கி, எழுதியது பரவிவிடும் என்றார். சிலேட்டு அதற்கு உதவுமா என்பது அவர் கேள்வி.

தொடுதிரையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, அழுத்தத்தில் வேலை செய்வது. மேலே வளையும் மெல்லிய தகடு, கீழே கண்ணாடி, நடுவில் மயிரிழை இடைவெளி. அழுத்தினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும், அந்த இடத்தைக் கணினி கண்டுபிடிக்கும். நோக்கியா 5800, எல்ஜி குக்கி எல்லாம் இந்தச் சாதி. நகம், பென்சில், கையுறை, எதனாலும் அழுத்தலாம். இன்னொன்று, அழுத்தமே தேவைப்படாதது. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் பூச்சு இருக்கும். நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் பக்கத்தில் வந்ததும் அந்த இடத்தில் மின்னூட்டம் மாறும், அதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும். ஐபோனும் சாம்சங் கார்பியும் இந்தச் சாதி. ஒரே நேரத்தில் இரண்டு விரலை அடையாளம் காண்பது இதில்தான் சுலபம். ஆப்பிள் சிலேட்டு இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அவர் எதிரிலேயே என் தம்பியின் கார்பியை எடுத்துச் சோதித்தோம். நகத்தால் தட்டினேன், அசையவில்லை. பேனா மூடியால் தட்டினேன், இல்லை. அவர் மஃப்ளரின் நுனியை இரண்டு மடிப்பாக விரலில் சுற்றிக்கொண்டு தொட்டார், அதற்கும் இல்லை. தம்ளர் தண்ணீரில் விரலை முக்கிவிட்டுத் தொட்டபோதுதான் வேடிக்கை. ஒரு பட்டனைத் தொட்டால் பக்கத்துப் பட்டன் திறந்தது, சொட்டு வழிந்த பக்கமெல்லாம் திரை தானாக நகர்ந்தது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே எது விரல், எது சொட்டு என்று அதற்குக் குழப்பம். துணியால் துடைத்ததும் பழையபடி வேலை செய்தது.

ஆகவே அவருக்கு நான் சொன்னது: நிறுவைக் களத்தில், பனியில், ஈரக்கையோடு இது ஒத்துவராது. பங்களாவில் உட்கார்ந்து மாலையில் கணக்கை ஏற்றுவதற்கு ஆகும். களத்துக்கு நோட்டுதான். அட்டையை லேமினேட் செய்து, உள்தாளைக் கனமான மேப்லித்தோவில் போட்டுக் கொடுத்தேன்.

வயதானவர்கள் கற்றுக்கொள்வார்களா?

என் அப்பா கதையைச் சொல்கிறேன். இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எழுபத்திரண்டு வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. செய்தித்தாளில் தலைப்பை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். கணினிப் பக்கம் வரவே மாட்டார், மவுசைக் கண்டால் கையை இழுத்துக்கொள்வார்.

போன டிசம்பரில் பெங்களூரிலிருந்து ஒரு தம்பி, தங்கையின் கல்யாணப் பத்திரிகைக்காக வந்தார். புரூஃபைத் தன் ஐபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, அப்பா ஆவலாக எட்டிப் பார்த்தார். "தாத்தா, ரெண்டு விரலை வெச்சு இப்படி விரிங்க" என்று அந்தத் தம்பி போனையே கையில் கொடுத்துவிட்டார். அப்பா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கண்ணாடிமேல் சேர்த்து வைத்து, கோலப்பொடி விடுகிறமாதிரி மெதுவாக விரித்தார். எழுத்து அவர் விரலோடு சேர்ந்து வளர்ந்தது. திரும்பச் சேர்த்தார், சுருங்கியது. மறுபடி விரித்தார். இடமும் வலமும் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார்.

"கண்ணு, இங்க பாரு. முகுர்த்தம்னு போட்டிருக்கே."

முகூர்த்தம் என்பதில் கூ-வின் சுழி விட்டுப்போய் கு ஆகியிருந்தது. நான் மூன்று முறை படித்த புரூஃப், பெண் வீட்டார் பார்த்துக் கையெழுத்துப் போட்ட புரூஃப். ஐந்நூறு பத்திரிகை அச்சேற இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. மெனு, ஐகான், டபுள் கிளிக் எதுவும் தேவைப்படவில்லை. பொருளைத் தொட்டால் பொருள் நகர்கிறது, அதற்கு மேல் கற்க ஒன்றுமில்லை. மூன்றரை அங்குலத்தில் அவர் கண்டுபிடித்ததை டெமி அளவில் நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்தச் சிலேட்டின்மேல் ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தோல் வறண்டு, நுனி காய்த்துப்போன விரலை இந்த வகைக் கண்ணாடி சில நேரம் கண்டுகொள்ளாது. அப்பாவுக்கும் முதலிரண்டு முறை அப்படி ஆனது. உள்ளங்கையில் ஒரு தடவை தேய்த்துவிட்டுத் தொட்டதும் சரியானது.

அதில் தமிழ் தெரியுமா?

எல்லாக் கேள்வியிலும் பெரிய கேள்வி இதுதான், ஆனால் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான். எல்லோரும் விலையைக் கேட்கிறார்கள்.

அப்பா பார்த்தது படம். படமாக வரும் தமிழ் எந்தக் கருவியிலும் தெரியும், ஏனென்றால் கருவிக்கு அது தமிழ் என்றே தெரியாது. பூவும் ஒன்றுதான், கூ-வும் ஒன்றுதான். பிடிஎஃப் கோப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். எழுத்துருவை உள்ளேயே பொதிந்து வைத்திருந்தால் எங்கே திறந்தாலும் அச்சில் இருப்பதுபோலத் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். அந்த பிடிஎஃப்கள் ஐபோனில் திறக்கின்றன என்றால் சிலேட்டிலும் திறக்கும். படிப்பதற்கு மட்டும் வேண்டும் என்பவர்கள் இதை நம்பி ஆசைப்படலாம்.

எழுத்தாக வரும் தமிழ் வேறு. மின்னஞ்சல், இணையப் பக்கம், தேடல் எல்லாம் எழுத்தாகத்தான் வரும். கணினிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடு யூனிகோடு. அதில் நம் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் இல்லை. உயிர், அகரம் ஏறிய மெய், துணைக்குறிகள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சே என்று எழுத வேண்டுமானால் முதலில் ச, பிறகு ஏகாரக் குறி என்றுதான் உள்ளே பதிவாகும். திரையில் காட்டும்போது குறியைத் தூக்கி ச-வுக்கு முன்னால் வைப்பது கருவியின் வேலை. அந்த வேலை தெரியாத கருவி என்ன செய்யும்? வந்த வரிசையிலேயே காட்டும். முதலில் ச, பிறகு இரட்டைச் சுழிக் கொம்பு, பிறகு லம். நம் ஊர்ப் பெயர் "சலேம்" ஆகிவிடும்!

ஏற்காடு என்ற பெயரில் கொம்பு இல்லாததால் அது பெரும்பாலும் தப்பிக்கும், டு மட்டும் ட தனியாகவும் குறி தனியாகவும் நிற்கலாம். ஆகவே எந்தப் புதுக் கருவி கைக்கு வந்தாலும் நான் முதலில் தட்டிப் பார்ப்பது சேலம் என்ற வார்த்தையைத்தான். சரியாக வந்தால், அடுத்து "கோழி கொக்கரித்தது". இரண்டும் தேறினால் அந்தக் கருவிக்குத் தமிழ் தெரியும். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருவே இல்லை என்று அர்த்தம். எழுத்து வந்தும் இடம் மாறி நின்றால், எழுத்துரு இருக்கிறது, கோக்கத் தெரியவில்லை. இரண்டும் வேறு நோய், மருந்தும் வேறு.

ஆப்பிளுக்குத் தமிழ் புதிதல்ல. அதன் மேசைக் கணினிகளில் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துரு கூடவே வருகிறது. விண்டோஸில் லதா வருவதுபோல. ஆனால் சிலேட்டு, மேசைக் கணினியின் மென்பொருளோடு வருமா, ஐபோனின் மென்பொருளோடு வருமா என்பதைப் பொறுத்துத்தான் இது. இந்த ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடும் அதோடு தமிழ் இணைய மாநாடும் நடக்க இருக்கின்றன. விசைப்பலகை, குறியீடு பற்றி அங்கே பேசப்போகிறவர்கள் இந்தக் கையடக்கக் கருவிகளையும் மேசையில் வைத்துப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

செல்போனில் இப்போதே தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறவர்களுக்கு ஒரு வழி. ஓபரா மினி உலாவியில், முகவரி எழுதும் இடத்தில் ஓபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் தட்டுங்கள். வரும் பக்கத்தில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்று ஒரு வரி இருக்கும், அதற்கு ஆமாம் கொடுத்துச் சேமியுங்கள். அவர்களுடைய சர்வரே தமிழைக் கோத்துப் படமாக்கி அனுப்பிவிடும். மறுபடியும் படம்தான், ஆனால் படிக்கலாம்.

தமிழில் தட்டச்சு செய்யலாமா?

இன்றைய தேதியில் ஐபோனோடு வரும் விசைப்பலகைகளில் தமிழ் இல்லை. சிலேட்டில் இருந்தால் சந்தோஷம், இருக்கும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள்.

இருந்தாலும் என்னைப்போல் நாளெல்லாம் தமிழ்99 விசைப்பலகையில் தட்டுகிறவர்களுக்குக் கண்ணாடி ஒத்துவருமா என்பது சந்தேகம். நான் விசையைப் பார்ப்பதில்லை. ஃ இருக்கும் விசையிலும் ப இருக்கும் விசையிலும் சின்ன மேடு இருக்கும், அதில் விரல் பட்டால் மற்ற விரல்கள் தானாக இடம் பிடிக்கும். கண்ணாடியில் மேடு ஏது? நான்கு வரி கடிதத்துக்கு ஆகும். நாற்பது பக்க ஆய்வேட்டுக்கு ஆகாது.

கடையில் கொலுசு டிசைன் காட்டப் பயன்படுமா?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி ஒருவர் கேட்டார். "ஏம்மா, ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு ஆந்திரா, கர்நாடகான்னு அலையறேன், பிளாஸ்டிக் உறையெல்லாம் மஞ்சளாப் போச்சு" என்றார். இதற்குத் தயங்காமல் ஆமாம் என்றேன். கொலுசுக்கு மொழி வேண்டாம், படம் போதும். முத்துக் கோப்பு, கொக்கி, எனாமல் எல்லாம் விரித்துக் காட்டலாம். ஒரு யோசனையும் சொன்னேன்: சிலேட்டு வரட்டும், வராமல் போகட்டும், படங்களை இன்றைக்கே ஒழுங்காக எடுக்கத் தொடங்குங்கள். கறுப்புத் துணிமேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல். வெள்ளி பிளாஷில் வெறும் வெளுப்பாகத்தான் விழும்.

விலை என்ன வரும்? சேலத்துக்கு எப்போது வரும்?

ஆயிரம் டாலர் என்ற வதந்தி உண்மையானால், இன்றைய மதிப்பில் சுமார் 46,000 ரூபாய். ஆனால் அமெரிக்க விலையைப் பெருக்கிப் பார்த்து நம் ஊர் விலையைச் சொல்ல முடியாது. ஐபோனே சாட்சி. அங்கே இரண்டு வருட ஒப்பந்தத்தோடு 199 டாலர் என்று விற்றது இங்கே 2008 ஆகஸ்டில் வந்தபோது 31,000 ரூபாய். அதுவும் முதல் ஐபோன் அங்கே 2007 ஜூனில் வந்து பதினான்கு மாதம் கழித்து. அதே வேகத்தில் போனால் அடுத்த வருடம்தான் நம் ஊர்க் கண்ணாடி அலமாரியில் பார்க்கலாம். சீக்கிரம் வந்தால் நல்லது.

முன்பதிவு என்று சொல்லி யாராவது இப்போதே அட்வான்ஸ் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் இருவரிடம் இரண்டாயிரம் கேட்டிருக்கிறார்கள். ஆப்பிளே பெயர் சொல்லாத பொருளுக்கு யார் ரசீது போட முடியும்?

அமெரிக்காவில் இருக்கும் பையன் வரும்போது வாங்கி வரச் சொல்லலாமா?

சொல்லலாம், மூன்று விஷயத்தைத் தெரிந்துகொண்டு.

முதலில் சுங்கம். பதினெட்டு வயது தாண்டிய பயணி ஒரு மடிக்கணினியை வரியில்லாமல் கொண்டுவரலாம். மற்ற சாமான்களுக்கு மொத்தம் 25,000 ரூபாய்வரை விலக்கு, அதற்கு மேல் போனால் கூடுதல் தொகைக்குச் சுமார் 36 சதவீதம் வரி. சிலேட்டை அதிகாரி மடிக்கணினியாக எடுத்துக்கொள்வாரா, வெறும் மின்னணுச் சாமானாக எடுத்துக்கொள்வாரா என்பதில்தான் சிக்கல். 46,000 ரூபாய்ப் பொருளைச் சாமானாக எடுத்துக்கொண்டால், மற்ற எதுவும் கொண்டுவராதபோதுகூட ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கட்ட வேண்டும். பில்லைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பெட்டியைக் கிழித்துவிட்டு "பழசு" என்று சொல்லும் யோசனையெல்லாம் வேண்டாம், பையனைக் கவுன்டரில் தலைகுனிய வைக்காதீர்கள்.

இரண்டாவது, ரிப்பேர். ஐபோன் வாரண்டி வாங்கிய நாட்டில்தான் செல்லும். சிலேட்டும் அப்படியானால், கண்ணாடி உடைந்தால் திரும்ப அமெரிக்காவுக்குப் போக வேண்டும். நம் ஊர் மொபைல் கடைத் தம்பிகள் கெட்டிக்காரர்கள், ஆனால் புதுப் பொருளுக்கு உதிரி பாகம் வந்து சேர ஒரு வருடம் பிடிக்கும்.

மூன்றாவது, சிம். செல்போன் நிறுவனத்தோடு பூட்டிய வகை ஒன்று வந்தால் அதை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வைஃபை மட்டும் உள்ளது இருந்தால் அதுவே நல்லது. சார்ஜரைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த நிறுவனத்தின் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட்வரை தாங்கும், தட்டைப் பின்னுக்கு மட்டும் பத்து ரூபாய் அடாப்டர் போதும்.

கரண்ட் போனால்?

இந்த விஷயத்தில் சிலேட்டு நமக்கு வரம். மின்வெட்டு நேரத்தில் என் கடையில் யுபிஎஸ் கத்த ஆரம்பித்தால் இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் பொருளுக்கு அந்தப் பதற்றம் இல்லை. பேட்டரியை நாமே கழற்றி மாற்ற முடியாதபடி வரும் என்றுதான் நினைக்கிறேன், ஐபோன் அப்படித்தான். லித்தியம் பேட்டரிக்கு வெயில் ஆகாது. மே மாதம் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இணையம் இல்லாமல் என்ன பயன்? மலையில் சிக்னல் கிடைக்குமா?

ஏற்காடு மலைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு, பாதி வளைவில் செல்போன் கோபுரம் நம்மை மறந்துவிடும். மேலே ஊருக்குள் ஜிபிஆர்எஸ் என்ற மெதுவான செல்போன் இணையம் கிடைக்கும், மின்னஞ்சல் மெதுவாக இறங்கும், படம் பார்க்க முடியாது. தனியார் நிறுவனங்களுக்கு 3ஜி ஏலமே இன்னும் நடக்கவில்லை. ஆகவே இப்போதைக்கு வீட்டு பிராட்பேண்டும் வைஃபை மோடமும்தான் வழி. என் இணைப்பில் இரவு 2 மணி முதல் காலை 8 மணிவரை இறக்குவதற்குக் கணக்குக் கிடையாது. புத்தகங்களை அந்த நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால், பகலில் சிக்னல் இல்லாத எஸ்டேட்டிலும் படிக்கலாம். மதுரைத் திட்டக் கோப்புகள் சிறியவை.

பென்டிரைவ் போடலாமா? பிரிண்ட் எடுக்கலாமா?

ஐபோனில் இரண்டும் முடியாது. சிலேட்டும் அப்படி வந்தால், கோப்பை மின்னஞ்சலில் எனக்கு அனுப்புங்கள், அச்சடித்துத் தருகிறேன்.

அக்கா, புராஜெக்டுக்கு நெட்புக் (சின்ன மடிக்கணினி) வாங்கலாமா, சிலேட்டுக்குக் காத்திருக்கலாமா?

ஏப்ரலில் புராஜெக்ட் கொடுக்க வேண்டியவர்கள் காத்திருக்கவே கூடாது. உங்களுக்குத் தட்டச்சு செய்ய விசைகள் வேண்டும், பென்டிரைவ் செருக ஓட்டை வேண்டும், உங்கள் ஆசிரியர் கேட்கும் மென்பொருள் ஓட விண்டோஸ் வேண்டும். சிலேட்டு எவ்வளவு அழகாக வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றையாவது விட்டுவிட்டுத்தான் வரும். பதினைந்திலிருந்து இருபதாயிரத்துக்குள் கிடைக்கும் நெட்புக் போதும். அதற்கும் வசதியில்லையென்றால், மாலை ஆறு மணிக்கு மேல் என் கடையில் இரண்டாவது கணினி சும்மாதான் இருக்கிறது, வந்து உட்காருங்கள். வீட்டில் ஏற்கெனவே கணினி இருக்கிறது, அம்மா அப்பா படிக்கவும் பேரப்பிள்ளை படம் பார்க்கவும் ஒன்று வேண்டும் என்பவர்கள் காத்திருக்கலாம். அவர்களுக்காகச் செய்த பொருளாகத்தான் இது எனக்குத் தோன்றுகிறது.

27-ம் தேதி எப்படிப் பார்ப்பது?

அங்கே காலை பத்து மணி, நமக்கு இரவு பதினொன்றரை. நேரடி ஒளிபரப்பை எதிர்பார்க்காதீர்கள். அரங்கில் உட்கார்ந்திருக்கும் செய்தியாளர்கள் வரி வரியாகத் தட்டச்சு செய்து, நடுநடுவே படம் போடுவார்கள், நாம் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டம் கூடினால் அந்தத் தளங்கள் நின்றுபோகும், இரண்டு மூன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அன்றைக்குக் கடையைத் திறந்து வைத்திருப்பேன். ஆறு நாற்காலி இருக்கிறது, ஃபிளாஸ்கில் டீ இருக்கும், பனி கொட்டும் என்பதால் ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள். அங்கே சொல்லச் சொல்ல நான் தமிழில் படித்துச் சொல்கிறேன். அப்பா வழக்கமாக ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார். பதினொன்றேகாலுக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறார். நான் வெட்டிய அந்த அட்டை இப்போது அவர் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.